கிளாஸ் லீடர் வேலையிலிருந்து தொடங்குங்கள்: டெல்டா பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

புதிதாகப் பணியில் சேர்ந்த ஒரு தம்பி போன ஜூலையில் போன் செய்தார். "அண்ணே, எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கிறேன். ஜனநாயகம்னா என்னன்னு கேட்டா ஆபிரகாம் லிங்கன் சொன்னதை அச்சுப் பிசகாம எழுதுறாங்க. மணி அடிச்சதும் சைக்கிள் ஸ்டாண்டுல சட்டையைப் பிடிச்சுக்கிறாங்க. என்னதான் பண்றது?" என்று கேட்டார். நான் மன்னார்குடிப் பக்கம் சமூக அறிவியல் எடுத்து வருகிறேன், இதே கேள்வியோடு நானும் பல வருடம் அலைந்திருக்கிறேன். அவருக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வகுப்பில் உங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தில் எதையாவது ஒன்றை உண்மையாகவே பிள்ளைகளிடம் கொடுத்துவிடத் தயாரா? அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றாமல் விடுவீர்களா? தயார் இல்லையென்றால் கீழே எழுதியிருப்பது எதுவும் வேலை செய்யாது. "உங்க இஷ்டம்தான் பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னதை நீங்கள் தள்ளுபடி செய்தால், ஓட்டு என்பது சும்மா கண்துடைப்பு என்ற பாடத்தை அன்றைக்கே கற்றுக்கொள்வார்கள், அப்புறம் அதை அழிக்க முடியாது.

சிறிதாக ஆரம்பியுங்கள். தேர்வு, மதிப்பெண், பாடத்திட்டம் எல்லாம் நம் கையிலேயே இல்லை, அதைக் கொடுக்கவும் முடியாது. உட்காரும் இடம், கூட்டும் முறை, தண்ணீர் எடுத்து வரும் முறை, வகுப்பு நூலகப் புத்தகம் யார் எத்தனை நாள் வைத்துக்கொள்வது, விளையாட்டு பீரியடில் பந்து யாருக்கு, சுற்றுலா நிதியில் மிச்சமான 140 ரூபாயை என்ன செய்வது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு உயிர் போகிற விஷயங்கள், நமக்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் கொடுக்கச் சுலபம்.

முதல் இரண்டு வாரம் எதுவும் செய்யாதீர்கள்

பாருங்கள், அவ்வளவுதான். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், சத்துணவு வரிசையில் யார் முன்னால் போகிறார்கள், தட்டு கழுவும் குழாயில் யார் காத்திருக்கிறார்கள், பெண்பிள்ளைகளை மட்டும் ஏன் எப்போதும் கூட்டச் சொல்கிறோம். நம் பகுதியில் ஒரு வகுப்பறையின் பெஞ்ச் வரிசையைப் பார்த்தாலே ஊரின் தெரு வரைபடம் தெரிந்துவிடும், ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தையும் கவனியுங்கள், அதுவும் சாதியைச் சொல்லும். 2023-ல் நாங்குநேரியில் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அது திருநெல்வேலிப் பக்கத்துச் சங்கதி, நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், லீடர்

நம் பள்ளிகளில் கிளாஸ் லீடர் என்றால் என்ன வேலை? ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, இன்னும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது. அவனுக்குப் பிடிக்காதவன் வாயே திறக்காவிட்டாலும் பெயர் ஏறிவிடும், சிநேகிதன் பெயர் அழிந்துவிடும். அந்தப் பெயர்களை வைத்து நாம் தண்டனை கொடுக்கிறோம். விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. இப்படி ஒரு போலீஸ்காரனை வகுப்பில் வைத்துக்கொண்டு அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

ஆகவே பெயர் எழுதும் வேலையை நிறுத்துங்கள். லீடர் என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன், 'பேச்சாளர்' என்கிறோம். வகுப்பின் குறையை ஆசிரியரிடமும் எச்.எம்.மிடமும் எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஆசிரியரின் ஆளாக இருந்தவரை வகுப்பின் ஆளாக மாற்றுகிறோம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். முதல் பத்து நாள் வகுப்பில் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார், கொஞ்சம் பொறுங்கள்.

தேர்தலைச் சீட்டில் நடத்துங்கள். கைப்பேசிச் செயலி, மாதிரி வாக்கு இயந்திரம் என்று சில பள்ளிகளில் செய்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சீட்டைப் பிரித்து எல்லார் முன்னாலும் உரக்க எண்ணும்போதுதான் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கிறார்கள். கை தூக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், கை தூக்கினால் பயந்த பிள்ளை பலசாலியைப் பார்த்துத்தான் தூக்கும். இரண்டு பெஞ்சை நிமிர்த்தி ஒரு சாக்குத் துணி கட்டினால் மறைப்பு தயார். சீட்டில் 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டமும் வையுங்கள், நாட்டில் 2013-லிருந்து அது இருக்கிறது. விரலில் மை வைத்தால் கொண்டாட்டம்தான், பேனா மை போதும். தேர்தலில் வைக்கும் அழியாத மை மைசூரிலிருந்து வருகிறது, அங்கேயுள்ள கர்நாடக அரசு நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் செய்கிறது என்று போகிறபோக்கில் சொல்லி வையுங்கள், பின்னால் காவிரித் தண்ணீர் பாடத்தில் கர்நாடகத்தைப் பற்றிப் பேசும்போது உதவும்.

ஒரு தொல்லை வரும், தெரு பார்த்து ஓட்டுப் போடுவார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் என்றும் போகும். நான் கண்டுபிடித்த வழி, ஆளுக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. முதல் ஓட்டு தெருக்காரனுக்குப் போகும், சரி, இரண்டாவது ஓட்டுக்குக் கொஞ்சம் யோசித்தாக வேண்டும். பெரும்பாலும் எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த, சண்டை போடாத ஒரு பிள்ளை ஜெயித்துவிடுகிறாள். ஒரு வருடம் ஒருவன் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து ஓட்டுக் கேட்டான். நான் திட்டவில்லை, மிட்டாய் வாங்கியவர்களை அதைப் பற்றிப் பேசச் சொன்னேன், ஒரு முழு பீரியட் போனது, புத்தகத்தில் இருக்கும் தேர்தல் பாடத்தைவிட நல்ல பாடம். பதவிக்காலம் ஒரு மாதம் போதும், வருடம் முழுக்க ஒருவரே இருக்கக் கூடாது.

மீதி வேலைகளுக்குக் குடவோலை

எல்லா வேலைக்கும் தேர்தல் வைக்காதீர்கள், ஜெயித்தவனே ஜெயிப்பான். தண்ணீர், தோட்டம், நூலகம், சுத்தம் இவற்றுக்கெல்லாம் குலுக்கல்தான் சரி. குடவோலை முறை பாடத்திலேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதை விவரமாகச் சொல்கின்றன. வாரியம் என்றால் குழு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம் என்று பெயர்கள்கூட நமக்கு அப்படியே உதவும். எங்கள் வகுப்பில் தண்ணீர் வாரியம், தோட்ட வாரியம், புத்தக வாரியம் மூன்றும் உண்டு, ஒரு எவர்சில்வர் குடம் ஆளுயர அலமாரி மேல் எப்போதும் இருக்கும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், உடனே நூலகப் புத்தகத்தைத் தொலைத்தவன் மேல் அதைப் பிரயோகிப்பார்கள்.

ஆனால் குடவோலையைச் சும்மா பெருமை பேசிவிட்டு நிறுத்தினால் பாதிப் பொய் சொன்னதாகிவிடும். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது (வேலி என்பது நில அளவு) சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். பெண்கள் கிடையாது, உழுகிறவர்கள் கிடையாது. 'யார் பெயர் குடத்துக்குள் போகவே போகாது?' என்று கேட்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

இதில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். எல்லோரையும் நிற்கச் சொல்லி, பெண்பிள்ளைகள் உட்காருங்கள் என்றேன், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சொந்த நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் உட்காருங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் பெஞ்ச் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான், மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. இப்போது கற்பனை ஆட்களின் விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். 'வயது 40, குயவர், நிலம் இல்லை', 'வயது 52, அரை வேலி நிலம், விதவை' என்று. பிள்ளைகள் அந்தச் சீட்டின் ஆளாக நின்று உட்காருகிறார்கள். கடைசியில் 40 பேரில் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள், சுற்றிப் பார்த்துவிட்டு அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அதன்பிறகு தீண்டாமையை ஒழித்த நம் அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பையும், 18 வயதானால் எல்லோருக்கும் ஓட்டு என்பதையும் சொன்னால் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று விளங்கும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

வாரம் ஒருமுறை, 30 நிமிடம், கடைசி பீரியட். வட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில். ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம், எங்களுக்கு ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பேசி முடித்ததும் அடுத்தவருக்குப் போகும். பேச விருப்பம் இல்லையென்றால் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போகலாம், கட்டாயம் கிடையாது. ஒரு நோட்டில் தேதி போட்டு முடிவுகளை எழுத வேண்டும், அடுத்த கூட்டத்தின் முதல் வேலை போன வார முடிவு நடந்ததா என்று வாசிப்பது. நீங்கள் கடைசியில்தான் பேச வேண்டும். இது கஷ்டம், எனக்கு இன்னும் நாக்கு துறுதுறுக்கும்.

முதல் மூன்று கூட்டம் சொதப்பும். 'அவன் என் பென்சிலை எடுத்தான்' என்பதிலேயே நேரம் போய்விடும். நாலாவது வாரத்துக்கு மேல்தான் எங்கள் வகுப்பில் ஒரு பெண், மாதவிடாய் நாட்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததை, நேரடியாகச் சொல்லாமல் 'எங்களுக்கு இன்னொரு வாளி வேண்டும்' என்று சொன்னாள். வாளி வந்தது. அதன்பிறகு கூட்டத்துக்கு மரியாதையும் வந்தது.

தண்ணீர் விளையாட்டு

நம் பகுதியில் அமைதியைச் சொல்லிக்கொடுக்க எங்கேயும் தேடிப் போக வேண்டாம், வாய்க்காலே போதும். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்களா இல்லையா என்பதுதான் இங்கே பாதி வீட்டில் அந்த மாதப் பேச்சு. ஆறு குழுவாகப் பிரித்து வரிசையாக உட்கார வைக்கவும். முதல் குழு தலைமடை, தண்ணீர் முதலில் வரும் இடம், ஆறாவது கடைமடை, கடைசியில் வரும் இடம். ஒரு வாளியில் 24 டம்ளர் தண்ணீர். ஒவ்வொரு குழுவுக்கும் 5 டம்ளர் இருந்தால் பயிர் பிழைக்கும், 3-க்குக் கீழே போனால் கருகிவிடும். எந்த விதியும் சொல்லாமல் முதல் குழுவிடம் வாளியைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

முதல் நான்கு குழு தலைக்கு ஐந்து எடுக்கும், ஐந்தாவதுக்கு 4, கடைசிக்கு வெறும் வாளி. கத்தல் ஆரம்பிக்கும். பேசி ஒரு விதி செய்யச் சொல்லுங்கள், இரண்டாவது ஆட்டம். அப்புறம் பற்றாக்குறை வருடம் என்று சொல்லி 18 டம்ளராகக் குறையுங்கள், மூன்றாவது ஆட்டம். இதற்குள் யாராவது ஒரு பிள்ளை, அப்பா வயலில் பார்த்ததை வைத்து, முறை வைக்கலாம் என்று சொல்லும், மதகு திறந்து மூடும் லஸ்கர் ஒருவரைப் போடலாம், ஷட்டர் சாவி அவரிடம் இருக்கட்டும் என்று சொல்லும். நான்காவது ஆட்டத்தில் கடைமடைக் குழுவைத் தலைமடைக்குக் கொண்டுவாருங்கள். இதுவரை நியாயம் பேசியவன் வாளி கைக்கு வந்ததும் முதல் ஆளாக 5 டம்ளர் எடுப்பான், வகுப்பே சிரிக்கும், அவனும் சிரிப்பான். இந்த இடத்துக்காகத்தான் விளையாட்டே.

அடுத்த நாள் வரைபடத்தை விரித்து, காவிரியில் நமக்கும் கர்நாடகத்துக்கும் உள்ள நிஜக் கணக்கைச் சொல்லுங்கள். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் இருக்கும் பில்லிகுண்டுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தண்ணீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), அதே வருடம் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. 1991-ல் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டதையும் மறைக்க வேண்டாம். காரைக்காலுக்கும் இதில் பங்கு உண்டு, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி., கடைமடைக்கும் கடைமடை ஒன்று இருக்கிறது என்று தெரியட்டும். அப்புறம் ஒரு வேலை கொடுங்கள், கர்நாடகத்து மண்டியாவில் கரும்பு போட்டிருக்கும் ஒரு விவசாயியின் மகளாக இருந்து மன்னார்குடிப் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒரு பையன் என்னிடம் "சார், அவங்களுக்கு ஏன் சார் நான் பேசணும்?" என்று கேட்டான். பேச வேண்டாம், எழுதிப் பார், அப்புறம் நீயே பதில் கடிதமும் எழுது என்றேன். 2003-லேயே இரு மாநில விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்று கூடி எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம். தமிழ்நாட்டின் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லித் தருகிறோமா என்று ஒரு அப்பா கேட்டார். உரிமையைக் கேட்கிறவனுக்கு எதிராளியின் வாதமும் தெரிந்திருக்க வேண்டும், கோர்ட்டில் அதைத்தானே வக்கீல் செய்கிறார் என்றேன். ஒத்துக்கொண்டார், முழு மனதாக இல்லை.

சண்டை வந்தால்

"ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்று சொல்லி முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அது நமக்காகச் செய்வது. முதலில் பிரித்து வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், அரை மணி நேரம் போகட்டும். அப்புறம் ஒருவர் நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் அந்த மற்றவர், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவன் 'ஆமா, அதான்' என்று தலையாட்டும் வரை. பின்பு மாற்றிச் செய்யவும். இதிலேயே பாதிச் சண்டை வடிந்துவிடும். இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று இருவரையும் கேட்டு எழுதி வாங்குங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு விசாரியுங்கள். இரண்டு மூன்று தடவை நீங்கள் செய்து காட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வகுப்புச் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா உங்களுக்கு? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்துவிட்டது. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையை விசாரிக்க முடியாது.

ஆனால் எல்லாமே சண்டை இல்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, பலர் சேர்ந்து ஒருவனைத் தொடர்ந்து வதைப்பது, பெண்பிள்ளையிடம் தவறாக நடப்பது, இவற்றை வட்டத்தில் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கக் கூடாது. அடிபட்ட பிள்ளையை அடித்தவன் முன்னால் உட்கார வைப்பதே இன்னொரு அடி. எச்.எம்.மிடம் எழுத்தில் கொடுங்கள், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ பேசுங்கள். 'ஊருக்குள்ள பிரச்சினை வேணாம் சார், பேசி முடிச்சுக்கலாம்' என்று இரண்டு பெரியவர்கள் மாலையில் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். எனக்கும் வந்தார்கள். அவர்கள் சமாதானம் என்று சொல்வது, அடிபட்டவன் வாயை மூடிக்கொள்வதை. டீ கொடுத்து அனுப்பிவிட்டு, எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பக்கத்து ஊர்க் கதைகள்

அகிம்சை என்றால் குஜராத்துக்குப் போக வேண்டியதில்லை. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து சுமார் நூறு பேர் கிளம்பி உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், போகிற வழி முழுக்க நம் ஊர்கள்தான். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, மக்கள் பொட்டலம் கட்டிச் சாலையோர மரங்களில் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்தார், அங்கே அவருக்கு நினைவுத்தூண்கூட இருக்கிறது. 'நீங்களாக இருந்தால் கையில் இருக்கும் எந்த வேலையைச் செய்ய மறுப்பீர்கள்?' என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்கிற பதில்கள் உங்களை அசத்தும். நாகையில் இருந்தால் மத நல்லிணக்கம் சொல்லவும் சௌகரியம். ஸ்ரீவிஜய அரசன் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும், நாகூர் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிம்மர் கட்டிக் கொடுத்ததும் சைக்கிளில் போய் வரும் தூரத்துச் சங்கதிகள்.

கீழ்வெண்மணியையும் சொல்லத்தான் வேண்டும், 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட தகராறில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பத்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம், எச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாருடைய தாத்தா எந்தப் பக்கம் என்று வகுப்பில் பேச்சே எழக் கூடாது. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது என்று சொன்னதும் ஒரு பெண் எழுந்து "அப்ப யாரு சார் கொளுத்துனது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சமாளித்துப் பதில் சொல்லாதீர்கள். கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

வகுப்புக்கு வெளியே

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளை அக்டோபர் 2-க்குக் கூட்டிப் போவது வசதி. வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள், பிள்ளைகள் பார்வையாளர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தங்கள் கோரிக்கையை ஏதாவது ஒரு அம்மா வழியாகக் கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகள் பள்ளி வழியில் உடைந்து கிடந்த மதகுக் கைப்பிடிக்காக மனு எழுதினார்கள், தீர்மானத்தில் ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் மறுபடி போனார்கள், ஜனவரியில் மறுபடி. பள்ளி மேலாண்மைக் குழுவையும் மறக்காதீர்கள், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், சட்டமே அப்படித்தான். பேச்சாளர் பிள்ளையை மாதம் ஒருமுறை அங்கே ஐந்து நிமிடம் பேச விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், தலைவராக இருக்கும் அம்மாவிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

நாட்டில் தேர்தல் நேரம் வந்தால் கட்சி பற்றிக் கேள்வி வரும். உங்கள் ஓட்டு யாருக்கு என்று சொல்லாதீர்கள், ஓட்டு ரகசியம் என்பதையே பதிலாகச் சொல்லுங்கள். கட்சிக்கொடி, தலைவர் படம், சினிமா நடிகர் படம் எதுவும் வகுப்புக்குள் வேண்டாம் என்று பிள்ளைகளே ஒரு வெள்ளிக்கிழமை விதி போட்டார்கள், நான் வாயே திறக்கவில்லை.

ஏப்ரலில் அந்த முடிவு நோட்டை அடுத்த வருடம் வரும் வகுப்பிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். போன ஜூனில் புதிய எட்டாம் வகுப்பு அதை வாசித்துவிட்டு முதல் கூட்டத்திலேயே ஏழு விதிகளில் நாலை அடித்துவிட்டார்கள். அதில் ஒன்று நான் மூன்று வருடம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த விதி. ஏன் என்று கேட்டேன். "எங்களைக் கேக்கலையே சார்" என்றான் ஒருவன், பொம்மையை அடுத்தவனிடம் நீட்டிக்கொண்டே.